குடும்ப அல்பங்களும் ஊர் வரலாறும்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராய்வோர் சாசனங்கள், ஏட்டுச் சுவடிகள், காணி உறுதிகள், கோயிற் கணக்கேடுகள் என்பவற்றைச் சான்றாகக் கொள்வர். ஆயினும் எழுவைதீவு போன்ற சிறு தீவொன்றில் வாழ்ந்த சாதாரண மக்களின் முகங்களை இவற்றில் காண முடியாது. அக்குறையை ஓரளவு நீக்க வல்லவை வீடுகளிலுள்ள பழைய புகைப்பட அல்பங்களே.

படத்தைப் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு. முதலில் படத்தின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஸ்ரூடியோ முத்திரை, திகதி, கையெழுத்து என்பன படம் பிறந்த இடத்தையும் காலத்தையும் காட்டக்கூடும். கொழும்பு முத்திரையுள்ள படம், வியாபாரத்துக்கோ உத்தியோகத்துக்கோ தென்னிலங்கை சென்ற ஒருவரின் கதையைத் தொடக்கி வைக்கலாம். தேசிய அடையாள அட்டை 1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டது. அதற்கென எடுத்த சிறு படமே சில முதியோரின் ஒரே படமாக எஞ்சியதும் உண்டு.

அடுத்து, படத்தில் இல்லாதவற்றையும் கவனித்தல் வேண்டும். திருமணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு என்பன அல்பங்களில் நிறைந்திருக்கும். வலை இழுத்தவரும் பனையோலை பின்னியவரும் தண்ணீர் சுமந்த பெண்களும் அத்தொழிலோடு தோன்றுவது அரிது. ஆகவே அல்பம் முழு வாழ்வையும் காட்டுவதன்று. குடும்பம் நினைவிற் கொள்ள விரும்பியதையே காட்டுகின்றது.

கோயில் திருவிழாப் படங்களுக்குத் தனிச் சிறப்புண்டு. சுவாமி வீதியுலா வரும் படமொன்றின் பின்னணியில் திருப்பணிக்கு முந்திய மண்டபமும், பழைய வாகனமும், இன்று இல்லாத மரமும் தெரியலாம். ஒரு குடும்பத்தின் படம் இவ்வாறு ஊரின் ஆவணமாகின்றது.

இவ்வாவணங்கள் எளிதில் அழியக்கூடியவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பர். 1990இல் தீவகத்திலிருந்தும் 1995இல் வலிகாமத்திலிருந்தும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்த பையில் அல்பத்துக்கு இடம் கிடைத்த வீடுகள் சில, கிடைக்காதவை பல. இன்று ஒரே குடும்பத்தின் படங்கள் ஊரிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறிக் கிடக்கின்றன.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் எண்ணிம வடிவில் பேணி வருகின்றது. அந்தியேட்டியன்று வெளியிடப்படும் கல்வெட்டுகளில் வம்சாவளி இடம்பெறுவதுண்டு. அதனை அல்பத்தோடு ஒப்பிட்டால் பெயர் தெரியாத முகங்கள் பல அடையாளம் காணப்படும். தமிழ்நாட்டிலும் பழைய ஸ்ரூடியோப் படங்களைப் பேணும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. பசைத்தாள் அல்பங்கள் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். இலகுவாகக் கழலாத படத்தை இழுக்காது அல்பத்தோடேயே பிரதி எடுக்க வேண்டும். பின்புறத்தில் பேனையால் எழுதாது மென்மையான பென்சிலால் பெயர், உறவு, இடம், ஆண்டு என்பவற்றைக் குறிக்கலாம். “அப்பாவின் அம்மா” என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு விளங்காது. அவருடைய சொந்தப் பெயரையும் எழுத வேண்டும். உறுதியாகத் தெரியாத பெயருக்கு அருகே கேள்விக்குறி இடுவதே நேர்மை.

கறையான் அரித்த படத்திற்கு வேறொரு வீட்டில் பிரதி கிடைக்கலாம். ஆனால் படத்திலுள்ளவரை அறிந்த கடைசி முதியவரும் மறைந்தபின் அந்த முகத்துக்குப் பெயர் கூற எவருமிலர். எனவே திருவிழாவிற்கு உறவினர் ஒன்றுகூடும் நாட்களில் அல்பத்தை முதியோர் முன் விரித்து, அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தல் ஒவ்வொரு குடும்பத்தினதும் கடமையாகும்.