கடல் கேட்காமல் செய்யும் வேலை

சிங்கப்பூரில் என் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளப் பவளத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் குருசடைத் தீவுப் பக்கம் கண்ணாடித் தளம் போட்ட படகில் போய், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையும் பார்த்துவிட்டு வருவேன். இரண்டையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்ததில் எனக்குப் பிடிபட்ட உண்மை இது: கடல் கேட்காமலே செய்து தரும் ஒவ்வொரு வேலையையும் தொட்டியில் நம் கையால் செய்தாக வேண்டும். செய்து பார்க்கும்போதுதான் கடலின் அருமை புரிகிறது. பவளம் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு என் அனுபவத்தில் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

இந்தியக் கடலின் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல்தான். கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். காய்ந்த துண்டை அழகுக்காக யாராவது விற்றாலும் கை நீட்டாதீர்கள். வளர்க்க அனுமதியுள்ள நாட்டில் இருப்பவர்கள், பண்ணையில் வளர்த்த துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். பாறையிலிருந்து பெயர்த்து வந்த பவளத்தைவிட அவை தொட்டி வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகும், கடலுக்கும் இழப்பில்லை.

சூடு

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை அவை தயாரித்துக் கொடுப்பதுதான். கோடையின் உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் நடந்தது இதுதான்.

தொட்டியில் நான் 26 டிகிரி வைத்திருக்கிறேன். சிங்கப்பூர்ச் சூட்டுக்கு, நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் நடக்காது. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று மாறும். அதனால் 'சின்னதாக ஆரம்பிப்போம்' என்று கையளவு தொட்டி வாங்காதீர்கள். புதியவர்களுக்குப் பெரிய தொட்டிதான் எளிது. ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும்.

சுண்ணாம்பு

பவளம் தன் எலும்பை நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு கட்டுகிறது. கடலில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. எத்தனை பவளம் எடுத்தாலும் அது குறைவதில்லை. தொட்டியில் சில நாளிலேயே குறைந்துவிடும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காரத்தன்மை, தொட்டிக்காரர்கள் பேச்சில் 'கேஎச்'. சிறு குப்பியில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விடுவேன். நீலப்பச்சை நிறம் சட்டென்று இளஞ்சிவப்பாக மாறும் சொட்டில் நிறுத்திக் கணக்குப் பார்ப்பேன். 8-லிருந்து 9-க்குள் இருந்தால் நிம்மதி. ஒரே நாளில் ஏற்றிவிட நினைக்காதீர்கள். அளவு சற்றுக் குறைவாக இருந்தாலும் நிலையாக இருந்தால் பவளம் தாங்கும். ஏறி இறங்கினால் தாங்காது.

குறையும் அளவை ஈடுகட்ட, சுண்ணாம்புத் தெளிநீரை இரவில் சொட்டு சொட்டாக விடுகிறேன். இரவில் தொட்டியின் பிஎச் இறங்கும் என்பதால் அந்த நேரம் பொருத்தமானது. ஒரேயடியாக ஊற்றினால் பிஎச் எகிறி உயிர்களுக்கு ஆபத்து. இதைச் செய்யும்போதெல்லாம் எங்கள் கடல்தான் நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாகப் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நான் ஒரு விரல் நீளக் கிளை வளர்வதற்கு மாதக்கணக்கில் சுண்ணாம்பு ஊட்டுகிறேன். அங்கே உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஆளுயரப் பாறை ஒன்றைப் பெயர்த்தால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு போய்விடுகிறது.

இடமும் எச்சரிக்கையும்

பகலில் பூப்போல ஆடும் டார்ச் பவளம், விளக்கணைந்த பிறகு மெல்லிய நீண்ட இழைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் துழாவும். இழை பட்ட பவளத்தின் சதை கருகிவிடும். அதனால் துண்டுகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வாங்கியதைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பூச்சி இல்லை என்று தெரிந்தபிறகே சேர்த்துவிடுங்கள்.

பாசியும் பெரும் எதிரி. கடலில் கிளிமீன்களும் கடல் முள்ளெலிகளும் மேய்ந்து பாசியை அடக்கி வைக்கின்றன. தொட்டியில் நத்தைகளைத்தான் நம்புகிறேன். மேய்ச்சலை மீறி ஒரு பாசி பெருகினால் என்ன ஆகும் என்பதற்குக் குருசடையே சாட்சி. வணிகத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற அயல் பாசி அங்கே பரவி, பவளங்களைப் போர்த்தி மூச்சடைக்க வைத்தது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்ண வண்ணப் பொத்தான்களாகப் படரும் ஜோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நச்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

தொட்டியால் ஆவதும் ஆகாததும்

தொட்டிப் பவளத்தை வெட்டி வெட்டிப் பெருக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே தாயின் நகல்கள். கடலில் நிலவையும் நீரின் சூட்டையும் கணக்கு வைத்து, பல இனங்கள் ஒரே இரவில் முட்டையையும் விந்தையும் வெளியிடும். அந்தக் கலப்பில் பிறக்கும் குஞ்சுகளில் சில சூட்டைத் தாங்கும் திறனோடு வரலாம். பாறையின் எதிர்காலம் அந்தப் பன்மையில் இருக்கிறது. என் தொட்டியில் அது இல்லை.

ஆனாலும் தொட்டி அறிவு வீண்போவதில்லை. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவொளியையும் பருவச் சூட்டையும் செயற்கையாக அமைத்து, மூடிய தொட்டியிலேயே பவளங்களை முட்டையும் விந்தும் வெளியிட வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி மன்னார் வளைகுடாவில் நட்டு வருகிறது. பிழைத்த துண்டுகள் இன்று மீன்களுக்கு வீடாக இருக்கின்றன.

ஆகவே வாங்கும் முன் ஒருமுறை கடலுக்குப் போய்ப் பாருங்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போட வேண்டாம் என்று படகோட்டியிடம் சொல்லுங்கள், ஆழமில்லாத இடத்தில் அதன் மேல் கால் வைக்காதீர்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால், நுண்ணுயிர்கள் குடியேற ஆறு வாரம் தொட்டியை வெறுமனே ஓட விட்டு, காளான் பவளம் போன்ற எளிய வகையில் ஆரம்பியுங்கள். அந்தப் பொறுமை உங்களிடம் இருந்தால் பவளம் வளரும். அதோடு, கடலில் 1 டிகிரி கூடியது என்று செய்தியில் படிக்கும்போது அதை வெறும் எண்ணாக உங்களால் கடந்து போக முடியாது.