வைஃபையை முடக்கிய அப்டேட் எது?

லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் வைஃபை திடீரென்று நின்றுவிட்டால் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டும் செலவு பலமுறை வீண். முதலில் சந்தேகிக்க வேண்டியது அண்மையில் ஓடிய அப்டேட்டை.

2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. சங்கரன்கோவிலில் தறிக்கூடத்துக் கணக்கு எழுதும் லேப்டாப்பில் இருப்பது பாஸோ டெபியனோ உபுண்டுவோ, தேடும் வழி ஒன்றுதான்.

முதலில் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளை தரும் பட்டியலில் அதன் பெயர் வந்தால், கணினி கார்டைக் கண்டுகொள்கிறது என்று பொருள். ஆர்எஃப்கில் கட்டளை, விசைப்பலகையில் கைதவறி வைஃபையை அணைத்திருக்கிறோமா என்று காட்டும். இரண்டும் சரியென்றால் மென்பொருள் பக்கம் திரும்பலாம். இடையில் இணையம் தேவைப்பட்டால் செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது நாள் கணக்கு. வார், லாக், ஏபிடி என்று உள்ளே போனால் ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பு இருக்கும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு எது மாறியது என்று வரிவரியாக அதில் பதிவாகியிருக்கும். பலரும் தடுமாறும் இடம் இது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் புதிதாக நிறுவப்பட்டாலும், கணினியை அணைத்துப் போடும்வரை பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். மூடியை மூடி மூடித் திறந்தே பத்து நாள் ஓட்டிய லேப்டாப், மாதாந்திர மின்தடையன்று பேட்டரி தீர்ந்து அணைந்து, மாலையில் மீண்டும் எழும்போதுதான் வைஃபை போயிருக்கும். பழி மின்சாரத்தின் மேல் விழும். காரணமோ பத்து நாளுக்கு முந்தைய வரியில் இருக்கும்.

கர்னல் மாறியிருந்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வைஃபை வந்துவிட்டால் குற்றவாளி அநேகமாகப் புதிய கர்னல்தான். பிராட்காம் போன்ற கார்டுகளுக்குத் தனியாக நிறுவிய டிரைவர் இருந்தால், அது புதிய கர்னலுக்கு ஏற்பக் கட்டப்படாமல் விடுபட்டதா என்பதையும் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையால் பார்த்துவிட வேண்டும். பழைய கர்னலிலும் வரவில்லையென்றால் ஃபர்ம்வேர், நெட்வொர்க்மேனேஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக முந்தைய பதிப்புக்கு இறக்கிப் பார்க்கலாம்.

இடையில் பல கர்னல் பதிப்புகள் வந்திருந்தால் வரிசையாகச் சோதிக்க வேண்டாம். நடுவில் உள்ளதை ஏற்றிப் பார்த்து, அது வேலை செய்தால் பின்பாதியையும், செய்யாவிட்டால் முன்பாதியையும் பாதியாக்க வேண்டும். பதினாறு பதிப்புகளுக்கு நான்கு சோதனை போதும். டெபியனின் பழைய பதிப்புகள் அதன் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் தேதிவாரியாகக் கிடைக்கின்றன.

2023 டிசம்பர் 10இல் வெளிவந்த டெபியன் 12.4, அப்டேட்டே வைஃபையை முடக்குவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலிருந்த 6.1.66 கர்னலில் சில கணினிகளின் வைஃபை உறைந்தது. கணினியை ஒழுங்காக அணைக்கக்கூட முடியவில்லை. புதிய கர்னலுக்கென எழுதிய ஒரு வைஃபை திருத்தத்தைப் பழைய கர்னலில் ஒட்டியதே காரணம். மறுநாளே அந்த ஒரே திருத்தத்தை நீக்கி 6.1.67 வந்தது. கார்டை மாற்றியவருக்கு அந்தக் காசு போனதுதான் மிச்சம்.

பதிப்பு பிடிபட்டதும், ஏபிடி-மார்க் ஹோல்ட் கட்டளையால் கர்னல் தொகுப்பை நிறுத்திவைக்கலாம். சரிசெய்த பதிப்பு வரும்வரை ஏபிடி ஆட்டோரிமூவ் கட்டளையை ஓட்டக் கூடாது. நம்பியிருக்கும் பழைய கர்னலையே அது துடைத்துவிடக்கூடும். அந்தப் பதிப்பு வந்தவுடன் அன்ஹோல்ட் கொடுத்துவிட வேண்டும். மறந்தால் கர்னலுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் வாசலிலேயே நின்றுவிடும்.