நிலவாகை இலையும் ஏறாத புள்ளியும்

நம்ம ஊர் என்றதும் எல்லோரும் அல்வா என்பார்கள். ஆனால் மருந்து நூல்களில் நம் ஊர்ப் பெயர் ஒட்டியிருப்பது நிலவாகை இலையில்தான். 'டின்னவேலி சென்னா' என்றே அதற்குப் பெயர். மலச்சிக்கலுக்கு ஆச்சி கொடுக்கிற அதே இலை (சிரிக்காதீங்க!).

அந்த இலையை மென்படல வண்ணப்பிரிகை முறையில் பிரித்துப் பார்த்தோம். சிலிக்கா ஜெல்லைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்தோம். இலையை அசிட்டோன் விட்டு இடித்து, பச்சைச் சாற்றைத் தகட்டின் அடியில் புள்ளியாக வைத்தோம்.

நான் அவசரப்பட்டுத் தண்ணீரில் நிறுத்தினேன். பச்சை அசையவே இல்லை. அடுத்த தகட்டைச் சுத்த அசிட்டோனில் நிறுத்தினேன். எல்லாம் ஒரே கும்பலாக உச்சிக்கு ஓடிவிட்டது. பிறகு டீச்சர் சொன்னபடி பெட்ரோலியம் ஈதர் 7 பங்கு, அசிட்டோன் 3 பங்கு. (பக்கத்தில் விளக்கு எரியக்கூடாது.) இப்போது பிரிந்தது! உச்சியில் ஆரஞ்சு மஞ்சள் கரோட்டின், நடுவில் இரண்டு பச்சை, கீழே லூட்டின் என்ற மஞ்சள்.

ஏன்? கரோட்டினிலும் லூட்டினிலும் 40 கார்பன், 56 ஹைட்ரஜன்தான். லூட்டினில் கூடுதலாக 2 ஆக்சிஜன், இரண்டு ஓ.எச். தொகுதிகளாக. சிலிக்காவின் மேலும் ஓ.எச். தொகுதிகள் உண்டு. முனைவுள்ளது முனைவுள்ளதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் லூட்டின் பின்தங்குகிறது, கரோட்டின் பிடிப்பில்லாமல் கரைப்பானோடு ஏறிவிடுகிறது. சுத்த அசிட்டோன் தானே சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

"மருந்தைக் கண்ணால பாத்துட்டேன்!" என்று வகுப்பெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீச்சர் கேட்டார்கள்: "எதும்மா மருந்து? நீ பார்த்தது வெறும் நிறமி." மருந்து சென்னோசைடு. இரண்டு குளுக்கோஸ் ஒட்டிய, மிகுந்த முனைவுள்ள பொருள். அசிட்டோனில் சரிவரக் கரையாமல் பெரும்பகுதி உரலில் சக்கையோடு கிடந்திருக்கும். வந்த கொஞ்சமும் புள்ளி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

மருந்துச் சோதனைக் கூடங்களில் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து இலையை ஊறவைப்பார்கள். தகட்டை நிறுத்துவது எத்தில் அசிட்டேட் 40, புரொப்பனால் 40, தண்ணீர் 30, அசிட்டிக் அமிலம் 1 என்ற கலவையில். அப்போதுதான் சென்னோசைடு நகரும். கீழிருந்து பி, ஏ, டி, சி என்று நிற்கும். ஏ, பி இரண்டிலும் இரண்டு அமிலத் தொகுதிகள். சி, டி-யில் ஒன்றுதான், அதனால் அவை மேலே.

சாயங்காலம் ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"பின்ன, வெந்நில போட்டுதானட்டி குடிக்கோம்? பச்சையையா குடிக்கோம்?" என்றாள்.

— 12ஆம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி