குதிரைக்குக் குட்டியா, கன்றா?

கேள்வி: ஆண் குதிரை, பெண் குதிரை, குதிரைக்குட்டி ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது சரி? (ஒரு வாசகர், சேவூர், ஆரணி)

பதில்: தொல்காப்பிய மரபியல் பெண் குதிரையைப் ‘பெட்டை’ என்றும் அதன் இளமையைக் ‘கன்று’ என்றும் சொல்கிறது. ஆண் குதிரையைச் ‘சேவல்’ என்பதும் வழக்கில் உண்டு, அதை விலக்க வேண்டாம் என்கிறது. இன்று அப்படி எழுதினால் கோழியென்றுதான் படிப்பார்கள்; ‘ஆண் குதிரை’ போதும். ‘குட்டி’யும் இன்றைய வழக்கில் பிழையல்ல.

குதிரையின் வேறு பெயர்களில் பரி, இவுளி, மா ஆகியவை செய்யுளுக்கு உரியவை, பேச்சில் ஒட்டா. ‘புரவி’ மட்டும் அய்யனார் கோயில் புரவியெடுப்பில் ஊர்வழக்காகவே வாழ்கிறது.

குதிரை கனைக்கும். அதன் சாணம் இலத்தி. கட்டுமிடம் லாயம், முதுகில் சேணம், வாயில் கடிவாளம், குளம்பில் லாடம்.