மின்னணு டிரம்ஸுக்கு உயிர் கொடுப்பது எப்படி?



நம்மில் பலருக்குப் பாட்டு எழுத வருகிறது, பாட வருகிறது, கீபோர்டு வாசிக்க வருகிறது. ஆனால் ஸ்டூடியோ வாடகை கொடுக்க யாரிடமும் பணம் இல்லை. ஆகவே வீட்டிலோ விடுதி அறையிலோ ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு பதிவு செய்கிறோம். டிரம்ஸ் செட் வாங்க முடியாது; வாங்கினாலும் லைன் வீட்டில் வைத்து ராத்திரி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அதனால் ரிதம் பேடு, இல்லையென்றால் கம்ப்யூட்டர் டிரம்ஸ். பாட்டு முடிந்ததும் நண்பனுக்குப் போட்டுக் காட்டுகிறோம். அவன் கேட்கும் முதல் கேள்வி, "ரிதம் மெஷினாடா?" அவ்வளவுதான், பாடியவர் பட்ட பாடு எல்லாம் வீண்!

கேட்பவரின் காது அந்த இடத்தில் சிக்காமல் பாட்டுக்குள் போக வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் மாணவன் என்ற முறையில் நான் படித்ததையும் செய்து பார்த்ததையும் பாடம் போல இங்கே தருகிறேன்.

கொஞ்சம் வரலாறு

நிஜ டிரம்ஸின் ஒலியைப் பதிவு செய்து சிப்பில் அடைத்து வந்த முதல் ரிதம் இயந்திரம் அமெரிக்காவின் ரோஜர் லின் உருவாக்கிய எல்.எம்.-1. ஆண்டு 1980. அதே 1980-இல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் டி.ஆர்.-808-ஐக் கொண்டு வந்தது. அதில் பதிவு செய்த ஒலி கிடையாது. ஆஸிலேட்டர், ஃபில்டர் என்று நம் லேப்பில் பார்க்கும் சர்க்யூட்டுகளே ஒலியை உண்டாக்கின. 1983-இல் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி வந்தது. 1985-இல் ரோலண்டின் ஆக்டபேடு வந்தது. எட்டுத் தட்டுகள், குச்சியால் தட்டினால் அந்தந்தத் தட்டுக்குரிய ஒலி வரும். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் 'பேடு வாசிக்கிறவர்' என்று ஒருவர் நிற்கிறாரே, அந்தப் பரம்பரை இங்கேதான் தொடங்குகிறது.

இயந்திரம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

மூன்று இடங்களில். ஒன்று, எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுகிறது. இரண்டு, எல்லா அடியும் கோடு போட்டது போல ஒரே இடைவெளியில் விழுகிறது. மூன்று, அந்த ஒலி எந்த அறையிலும் இல்லை. காற்றே இல்லாத இடத்தில் அடித்தது போல இருக்கிறது. இந்த மூன்றையும் சரி செய்தால் முக்கால் கிணறு தாண்டியாச்சு.

பாடம் 1: அடியின் பலம்

மிடியில் ஒவ்வொரு அடிக்கும் வெலாசிட்டி என்ற எண் உண்டு. 1 முதல் 127 வரை. மௌஸால் கட்டம் கட்டமாகக் குத்தி டிரம்ஸ் எழுதினால் பெரும்பாலும் எல்லாம் 100 என்றே விழும். அங்கேதான் உயிர் போகிறது.

எங்க அப்பா பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிப்பவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாதவர். நான் எழுதிய ரிதத்தைக் கேட்டுவிட்டு, "எல்லா அடியும் பேசுதேடா. நாலு பேர் பேசும்போது ஒருத்தன் பேசணும், மூணு பேர் 'ம்' போடணும்" என்றார். வெலாசிட்டி பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை!

ஒரு சாதாரண நாலு தட்டுத் தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஹை-ஹேட்டில் எட்டு அடி. எல்லாவற்றுக்கும் 100 போடாமல் 96, 64, 88, 60, 94, 66, 86, 62 என்று போட்டுப் பாருங்கள். தட்டு விழும் இடத்தில் கனம், நடுவில் லேசு. ஸ்னேர் 2-ஆம் தட்டிலும் 4-ஆம் தட்டிலும் 108, 113. இடையிடையே 25 முதல் 40 வரை வெலாசிட்டியில் ஸ்னேரில் சின்னச் சின்ன அடிகள். இவை தனியாகக் கேட்காது. ஆனால் எடுத்துவிட்டால் தாளம் மொட்டையாகிவிடும். இவைதான் 'ம்' போடுகிறவர்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். வெலாசிட்டி என்பது வெறும் வால்யூம் அல்ல. தோலை மெல்லத் தட்டினால் வரும் நாதமே வேறு, ஓங்கி அடித்தால் வரும் நாதமே வேறு. ஆகவே நல்ல டிரம் தொகுப்புகளில் ஒரே ஸ்னேரை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அடுக்குகளில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதோடு ஒவ்வொரு அடுக்கிலும் பல பதிவுகள் இருக்கும். அடிக்க அடிக்க மாறி மாறி வரும். இது இல்லாத தொகுப்பில் ஸ்னேரை வேகமாக உருட்டினால் மெஷின் கன் சுடுவது போலக் கேட்கும். இலவசமாகவே ஹைட்ரஜன், டிரம்கிஸ்மோ போன்ற மென்பொருள்கள் கிடைக்கின்றன. டிரம்கிஸ்மோவுக்கான தொகுப்புகள் பல மைக்குகளை வைத்துப் பதிவு செய்யப்பட்டவை. காசு கொடுக்க வேண்டியதில்லை, டவுன்லோடு பண்ண டேட்டா இருந்தால் போதும்.

பாடம் 2: நேரம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும். டெம்போ 100 என்றால் ஒரு தட்டு 600 மில்லி விநாடி; கால் தட்டு 150. கம்ப்யூட்டர் இந்த 150-ஐ அணுவளவும் பிசகாமல் போடும். மனிதன் 146, 153, 149 என்று போடுவான். இந்தச் சின்ன அசைவுதான் காதுக்கு இதம்.

பல மென்பொருள்களில் 'ஹியூமனைஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது அடிகளைக் குருட்டாம்போக்கில் முன்பின் தள்ளும். இல்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் மனிதன் குருட்டாம்போக்கில் தவறுவதில்லை. 2011-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். தாளம் போடுபவரின் விலகல்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. இப்போதைய விலகல், அதற்கு முன் நடந்தவற்றின் தடத்தைச் சுமந்து வருகிறது. கேட்பவர்களுக்கும் வெறும் தற்செயலான அசைவைவிட இந்தத் தொடர்புள்ள அசைவே பிடித்திருந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? முடிந்தவரை கையால் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பேடு இல்லையா? கம்ப்யூட்டர் கீபோர்டிலேயே விரலால் தட்டுங்கள். பலத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பதிவானதை நூற்றுக்கு நூறு கோட்டில் ஒட்டவைக்காமல் பாதியளவு மட்டும் இழுத்து வையுங்கள். கிக் தட்டிலேயே இருக்கட்டும். சாவகாசமான பாட்டு என்றால் ஸ்னேரை 5 முதல் 10 மில்லி விநாடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தது போல ஒரு சுகம் வரும். சரணத்திலிருந்து பல்லவிக்கு வரும் இடத்தில் டெம்போவை ஒரு புள்ளி கூட்டினாலும் நன்றாக இருக்கும்.

பேடு வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆடியோ பஃபர் 1024 என்றால் 44,100 சாம்பிள் வேகத்தில் அந்த ஒரு பஃபருக்கே 23 மில்லி விநாடி தாமதம். 256 என்றால் சுமார் 6 மட்டும். தாமதமாகக் கேட்டுக்கொண்டு வாசித்தால் கை தடுமாறும். விண்டோஸில் ஆஸியோ டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது புளூடூத் இயர்போன் கூடவே கூடாது, ஒயர் வைத்ததுதான்.

பாடம் 3: இரண்டு கை, இரண்டு கால்

டிரம்ஸ் வாசிப்பவருக்கு அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் நாம் எழுதும்போது ஹை-ஹேட், ஸ்னேர், டாம், க்ராஷ் என்று நாலையும் ஒரே நொடியில் கையால் அடிக்க வைத்துவிடுகிறோம். மூன்றாவது கைக்கு எங்கே போவது? கேட்பவருக்குக் காரணம் தெரியாது; ஆனால் 'ஏதோ சரியில்லையே' என்று மனசு சொல்லும்.

ஆகவே எழுதியபின் மேசை மேல் கையாலும் தரையில் காலாலும் தட்டிப் பாருங்கள். டாம் உருட்டும்போது இரு கையும் அங்கே இருக்கும், எனவே ஹை-ஹேட்டை நிறுத்துங்கள். வேண்டுமானால் கால் மிதியின் ஒலியை மட்டும் வையுங்கள். க்ராஷ் அடிக்கும் தட்டில் கூடவே கிக் விழட்டும். உருட்டும்போது வலது கை ஒரு சொட்டு கனமாகவும் இடது கை லேசாகவும் இருக்கட்டும். திறந்த ஹை-ஹேட்டின் ஒலி, மூடிய அடி விழுந்த உடனே அறுபட வேண்டும்.

பாடம் 4: அறை

நிஜ டிரம்ஸை ஒரு அறையில் அடிக்கும்போது, ஒலி நேராகவும் வருகிறது, சுவரில் பட்டும் வருகிறது. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 1 மீட்டர் மேலே தொங்கும் மைக்குக்கு ஸ்னேர் 3 மில்லி விநாடி தாமதமாகவே போய்ச் சேருகிறது. இப்படிப்பட்ட சின்னத் தாமதங்களை வைத்துத்தான் காது 'இது ஒரு இடம்' என்று புரிந்துகொள்கிறது.

ஆகவே கிக்குக்கு ஒரு ரிவெர்ப், ஸ்னேருக்கு வேறொன்று என்று போடாமல், எல்லாவற்றையும் ஒரே டிராக்கில் சேர்த்து ஒரே சின்ன அறையின் ரிவெர்ப்புக்குள் அனுப்புங்கள். அரை விநாடி நீளம் போதும். ரிவெர்ப்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிக் கொழகொழவென்று ஆகிவிடும். கிக்கும் ஸ்னேரும் நடுவில், ஹை-ஹேட் ஒரு பக்கம் கொஞ்சமாக. கம்ப்ரெஸர் போட்டால் அட்டாக் 20, 30 மில்லி விநாடி வைத்து, குச்சி படும் முதல் சத்தத்தைத் தப்ப விடுங்கள்.

இதைவிடச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. ஸ்பீக்கரை விடுதி மாடிப்படியில் வைத்து டிரம் டிராக்கை ஓட விட்டு, ஒரு தளம் கீழே மொபைலில் பதிவு செய்யுங்கள். அதை மூல ஒலிக்கு அடியில் மெல்லக் கலந்தால், காசில்லாமல் கிடைத்த நிஜ அறை!

பாடம் 5: நிஜத்தையும் கொஞ்சம் சேருங்கள்

சைடு டிரம்மின் அடித்தோலில் கம்பிகள் இருக்கும். அதன் மேல் தோலுக்கு நேரே ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, ஸ்னேர் டிராக்கை மட்டும் ஓட விட்டால் தோல் அதிர்ந்து கம்பி சலசலக்கும். அதைக் கீழிருந்து மைக்கில் பிடித்து, அலைவடிவத்தைப் பார்த்து நேரத்தை ஒட்டவைத்து, மூல ஒலியைவிட 10 டெசிபல் அளவு குறைத்துக் கலக்கினேன். ஸ்டூடியோக்களில் பழங்காலமாகச் செய்யும் உத்திதான் இது. அப்பாவின் டிரம்மில்தான் செய்தேன். கேட்டுவிட்டு, "இப்ப தோலு பேசுது" என்றார்.

சிம்பல் ஒலியைப் போலி செய்வது மிகக் கடினம். ஆகவே தாளம் மெஷினில் இருந்தாலும் ஒரு ஜால்ரா, கஞ்சிரா, கைத்தட்டல், ஏதாவது ஒன்றைக் கையால் வாசித்து மேலே சேர்த்துவிடுங்கள். அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் நிஜமாக்கிவிடும்.

பாடம் 6: பேடு நாமே செய்யலாம்

நம் துறைக்கே உரிய பாடம் இது. 35 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒன்று, ரப்பர் ஷீட், ஃபோம், ஒரு ஆர்டுயினோ ஊனோ. பீசோவை அடித்தால் மின்னழுத்தம் வரும். ஓங்கி அடித்தால் பத்து வோல்ட்டைத் தாண்டியும் போகும். ஆகவே இணையாக 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 5.1 வோல்ட் ஜெனர் டயோடும் அவசியம் போடுங்கள். ஆர்டுயினோ அதை 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். புரோகிராமில் மூன்று வேலை:

1. ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டினால் மட்டும் அடி என்று எடுத்துக்கொள்வது.
2. அடுத்த 2, 3 மில்லி விநாடிக்குள் வரும் உச்சத்தைப் பிடித்து, 1 முதல் 127-க்கு மாற்றுவது.
3. பிறகு 30 மில்லி விநாடி கண்ணை மூடிக்கொள்வது. இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டாகக் கேட்கும்.

பிறகு மூன்று பைட்டுகளை அனுப்பினால் போதும். 153, 38, 100 என்றால் '10-ஆவது சேனலில் ஸ்னேரை 100 பலத்தில் அடி' என்று பொருள். மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். மூன்று பைட்டுக்கு 30. வகுத்துப் பாருங்கள், 1 மில்லி விநாடிக்கும் குறைவு! செமஸ்டரில் படித்த சீரியல் கம்யூனிகேஷன் தாளமாகக் கேட்பது ஒரு தனி சந்தோஷம்.

முடிவாக

நண்பர்களே, இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மெஷினை இப்படி நிஜம் போல ஆக்கினால், நிஜமாக வாசிப்பவர்களின் பிழைப்பு என்னாவது? முகூர்த்த மாதங்களில் சம்பாதித்து ஆடி மாதத்தை ஓட்டும் வீடுகளுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. ஒரு பேடு மேடை ஏறிய இடத்தில் தபலா, டோலக், பாங்கோஸ் என்று இரண்டு மூன்று பேர் இறங்கியதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

என் பதில் இதுதான். காசும் இடமும் இல்லாத மாணவன் தன் பாட்டை வெளியே கொண்டுவர இந்த வித்தை உதவட்டும், அதில் தப்பில்லை. ஆனால் மேலே சொன்ன ஆறு பாடங்களையும் திருப்பிப் பாருங்கள். அத்தனையும் ஒரு கலைஞனின் கையையும் காலையும் காதையும் பார்த்துக் காப்பியடித்ததே! ஆகவே ஊரில் வாசிப்பவர் இருந்தால் போய் அருகில் உட்கார்ந்து பாருங்கள், கேளுங்கள். நாலு காசு கையில் சேர்ந்த அன்று, அவரை மைக் முன்னால் உட்கார வையுங்கள். அவருக்குரிய கூலியைக் கையில் கொடுங்கள்.

முயன்று பாருங்கள். அடுத்த ஆண்டு கல்லூரி விழாவில் நம் பாட்டு ஒலிக்கும்போது, "டிரம்ஸ் யாருப்பா?" என்று ஒருவராவது கேட்க வேண்டும்!