சீனப் பெருநாளுக்கு முன் என்ன கார் சாமான் வாங்கி வைக்கலாம்?

ஜுரு, புக்கிட் தெங்கா பக்கம் இருக்கும் தோழிகளுக்குத் தெரியும். ஆட்டோ சிட்டியில் புதுக் கார் எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் சீனப் பெருநாள் வாரத்தில் ஒரு ஃபேன் பெல்ட் அறுந்தால், புக்கிட் மெர்தாஜாம் வரை அலைந்தாலும் திறந்த கடை கிடைப்பது அபூர்வம். அதற்காக வீட்டையே உதிரிபாகக் கடை ஆக்கிவிட வேண்டாம். எதை வாங்கி வைப்பது, எதைக் கடையிலேயே விட்டு வைப்பது என்று பிரித்துக்கொண்டால் போதும்.

1. முதல் செலவு ரப்பர் சாமானுக்கு. ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டும் நடுரோட்டில் நிறுத்திவிடும். விலையோ ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். சர்வீஸில் கழற்றிய பழைய பெல்ட் வெடிப்பில்லாமல் இருந்தால் கேட்டு வாங்கி பூட்டில் போட்டு வையுங்கள், ஆபத்துக்கு வீடு வந்து சேர உதவும்.

2. "மைவிக்கு ஒன்று கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எந்த மைவி என்பார். 2005-ல் வந்தது வேறு, 2011-ல் வந்தது வேறு, 2017 கடைசியில் வந்தது வேறு. கிரானில் உள்ள சேசிஸ் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் தப்பான சாமானோடு திரும்பி வர வேண்டியதில்லை.

3. உண்மையில் சேர்த்து வைக்க வேண்டியவர்கள் வீரா, கஞ்சில் வைத்திருப்பவர்கள்தான். இரண்டும் 2009-லேயே தயாரிப்பில் இருந்து நின்றுவிட்டன. ஆனால் பலர் ஆயில் ஃபில்டராக வாங்கிக் குவிக்கிறார்கள், அது இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. தேடினாலும் அகப்படாதது கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் சாமான், விளக்கு மூடி மாதிரி பிளாஸ்டிக் ஐட்டங்கள். பழைய கார்களை வெட்டி விற்கும் கடைப் பக்கம் போகும்போது நல்லதாகக் கண்ணில் பட்டால் விடாதீர்கள். எஞ்சின் சாமானுக்கு வீராவென்றால் மிட்சுபிஷி, கஞ்சில் என்றால் டைஹாட்சு பெயரைச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம்.

4. பேட்டரியை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும், உத்தரவாதக் காலமும் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வாசலில் நின்ற கார்கள் ஸ்டார்ட் ஆகாமல் படுத்ததற்கு இதுதான் காரணம். அந்தக் காசில் நல்ல தடிமனான ஜம்பர் கேபிள் ஒன்று வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்கும் உதவும்.

5. டயரும் அப்படித்தான், சலுகை விலை என்று அடுக்கி வைக்க வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பணம் கொடுக்கும் முன் நான்கு டயரிலும் குனிந்து பாருங்கள்.

6. சென்சார், கம்ப்யூட்டர் பெட்டி வகையறா வேண்டவே வேண்டாம். 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்து கார்த் தொழிற்சாலைகளே தடுமாறின. நாம் எதை வாங்கி எத்தனை நாள் வைத்திருப்பது?

7. எஞ்சின் எண்ணெய் மூடி திறக்காமல் இருந்தால் சில வருடம் தாங்கும். சலுகையில் நாலு லிட்டர் டப்பாவும் ஃபில்டரும் வாங்கி வைத்து, சொந்த எண்ணெய் கொண்டுவந்தால் கூலி எவ்வளவு என்று பட்டறையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

8. பிரேக் எண்ணெய் நேர் எதிர். திறந்த பாட்டில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். சின்னப் பாட்டிலாக வாங்குங்கள், மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

9. காலி பிஸ்கட் டின்னில் ஃபியூஸ் ஒரு செட்டு: சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20. போட்ட ஃபியூஸ் மறுபடி போனால் பெரிய எண்ணுக்குத் தாவாமல் பட்டறைக்குப் போங்கள், ஒயர் கருகிவிடும். ஹாலஜன் பல்பு மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாமல் டிஷ்யூவால் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும்.

10. புதுச் சாமானை பூட்டில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் ரப்பர் விறைத்துவிடும். வீட்டுக்குள் அலமாரி அடித்தட்டில், அதன் சொந்த அட்டைப்பெட்டியோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் கூடப் போடலாம். பெட்டி மேல் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதிவிட்டால் எது பழசு என்று குழம்ப வேண்டாம்.

11. அண்ணன், மச்சான், எதிர் வீடு எல்லோரிடமும் ஒரே மாடல் கார் இருந்தால் ஆளுக்கொரு செட்டு எதற்கு? பொதுவில் ஒரு பெட்டி போதும், எடுத்தவர் வாங்கி வைக்க வேண்டும். மின்சாமானைப் பல கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். தவுக்கேயிடம் முதலிலேயே கேட்டு, பில்லைப் பெட்டிக்குள்ளேயே போட்டு, அளவு சரியா என்று கடை அடைப்பதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.