கராடியின் இரவுகளைச் சுடவைப்பது எது?

1997-ல் புனே மாநகராட்சியோடு சேரும்வரை கராடி, முளா-முட்டா ஆற்றங்கரைக் கிராமம். இன்று ஐடி வளாகங்களும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கும் இடம். அங்கே வெயிலைப் பற்றி நிலவும் சில எண்ணங்களைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: நகர வெப்பத் தீவு, அதாவது சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பது, மும்பை, டெல்லி போன்ற பெருநகரங்களின் பிரச்சினை.

உண்மை: கனடாவின் கியூபெக் பகுதி ஊர்களின் வெப்பத்தை அளந்து ஆய்வாளர் டிமோதி ஓக் 1973-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆயிரம் பேர் வாழும் சிற்றூர்கூட, காற்றடங்கிய தெளிந்த இரவில், சுற்றியுள்ள வயல்வெளியைவிட இரண்டு டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருந்தது.

நம்பிக்கை: கோடைப் பகலில்தான் நகரம் கிராமத்தைவிட அதிகம் கொதிக்கிறது.

உண்மை: பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். இந்திய நகரங்களின் தரை வெப்பத்தை ஆராய்ந்து ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட முடிவு வேறு. மார்ச் முதல் மே வரை, பகலில், பெரும்பாலான நகரங்களின் தரை சுற்றுப்புற நிலத்தைவிடச் சூடு குறைவாகவே இருந்தது. அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் மண்ணில் ஆவியாக ஈரமில்லை. அதனால் அது அதிகம் காய்கிறது.

பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வெட்டவெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மெல்ல மெல்லத்தான் விடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வானம் கொஞ்சமே தெரிவதால் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. ஏசியோ அறையின் சூட்டோடு தான் இழுத்த மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. பகலில் 40 டிகிரி அடித்தாலும் இரவு குளிர்ந்துவிடும் என்பதே, சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயின் பாக்கியம். நாம் இழந்துகொண்டிருப்பது அந்த இரவை. பகல் வெயிலில் வாடிய உடல் தேறுவது தூக்கத்தில்தானே? ஏசி உள்ளவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்தக் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளிகள் தகரக் கொட்டகையில் புழுங்குகிறார்கள். எனக்கு இது பெரும் அநியாயமாகப் படுகிறது.

நம்பிக்கை: வளாகத்துக்குள் புல்வெளி போட்டால் போதும்.

உண்மை: புல் நிழல் தராது, தண்ணீர் விடுவது நின்றால் குளிர்ச்சியும் போய்விடும். தெருவோர வேம்பும் புங்கையும் வெயிலைத் தரைக்கு விடாமல் தடுக்கும், அதனால் இரவில் வெளியேற வேண்டிய சூடும் குறையும். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் வெயிலைத் திருப்பியனுப்பும். கோடை தொடங்குமுன், பிப்ரவரியிலேயே, அடித்துவிடலாம்.